ஹெல்மெட்டுக்குள் ஒரு கணக்கு ரீச்சர்

என் மனைவியை நான் ரீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். பெண் பார்க்கப் போன நாளில் அந்த ஊரே அவளை அப்படித்தான் அழைத்தது, எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. பிறகு அவள் மாகாண சபைக்குத் தெரிவாகி, மேடைகளில் "கௌரவ உறுப்பினர் அவர்களே" என்று விளிக்கப்பட்ட காலத்திலும் நான் மாற்றவில்லை. ஒரேயொரு தடவை குசினி வாசலில் நின்று, "கௌரவ உறுப்பினர் அவர்களே, தேத்தண்ணிக்குச் சீனி போட்டாச்சோ?" என்று கேட்டுப் பார்த்தேன். அவள் கையில் இருந்த அகப்பையின் காம்பு கொஞ்சம் நீளமானது. அத்தோடு விட்டுவிட்டேன்.

நான் கமம் செய்கிறவன். என் தகப்பனார் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து ஸ்கந்தபுரத்துக்கு வந்து, காட்டை வெட்டி வயலாக்கியவர். அவளுடைய தாய் தகப்பன் மலைநாட்டுத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள். கலவரத்துக்குப் பயந்து, சின்னப் பிள்ளையாக இருந்த இவளையும் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்து, ஜெயபுரம் பக்கம் கொட்டில் போட்டுக் குடியிருந்தார்கள். நாங்கள் கலியாணம் செய்யப்போகிறோம் என்றதும் என் பெரியம்மா ஒருவருக்குப் பொறுக்கவில்லை.

"எங்கட ஆக்களுக்குள்ள உனக்கு ஒரு பெட்டை கிடைக்கேல்லையோ?" என்று முற்றத்தில் நின்று கேட்டார்.

"கிடைக்கும் பெரியம்மா. கணக்குத் தெரிஞ்ச பெட்டை கிடைக்காது" என்றேன்.

நான் பதினோராம் ஆண்டு முடிவில் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சையில் கணக்குக்கு இரண்டு தரம் இருந்து இரண்டு தரமும் கோட்டைவிட்டவன் என்பது அவருக்குத் தெரியும். கலியாணத்துக்கு அவர் வரவில்லை. சில வருசம் கழித்து, தன் கடைக்குட்டி மகளுக்குக் கணக்கு ஏறவில்லை என்று அதே பெரியம்மா எங்கள் படலையைத் தட்டினார். ரீச்சர் ஒன்றும் சொல்லிக்காட்டாமல் அந்தப் பிள்ளையை உள்ளே கூப்பிட்டு இருத்தினாள். நான் சொல்லிக்காட்டினேன். எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை.

அவள் படிப்பித்த பள்ளிக்கூடம் அவள் வளர்ந்த ஊரிலேயே இருந்தது; பூநகரி றோட்டிலிருந்து கிறவல் பாதையில் உள்ளே போகவேண்டும். ஊரின் பெயரை எழுதமாட்டேன்; எழுதினால் "எங்களை வைத்துப் பகிடி விட்டாயா" என்று கோபிப்பார்கள். கச்சான் என்கிற நிலக்கடலை, நெல், கூலிவேலை, இவைதான் அந்த ஊரின் பிழைப்பு. சண்டை முடிந்து எல்லோரும் திரும்பி வந்தபோது பள்ளிக்கூடத்துக்குக் கூரை இருக்கவில்லை. மரத்தடியில் கரும்பலகையைச் சாய்த்து வைத்து முதலில் தொடங்கிய பாடம் கணக்குத்தான். மற்றப் பாடங்களுக்கு ஆசிரியர்கள் வந்தார்கள், போனார்கள். கணக்கு ஆசிரியர் என்றால் எங்கள் பக்கத்தில் குதிரைக் கொம்பு. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இருந்த ஒரே கொம்பு இவள்தான்.

கணக்கில் தவறினால் அந்தப் பிள்ளைகளுக்கு மேலே படிக்க வழியில்லை. பெண் பிள்ளை என்றால் ஆடைத் தொழிற்சாலை வாகனம் விடியற்காலையில் வந்து சந்தியில் நிற்கும். ஆண் பிள்ளை என்றால் மேசன் வேலைக்குக் கல்லுச் சுமக்கப் போகும். அவளே அந்தக் கிறவல் பாதையில் வெறுங்காலோடு நடந்து படித்து வந்தவள். அதனால் வகுப்பில் ஒரு பிள்ளை வராவிட்டால் பின்னேரம் சைக்கிளில் வீடு தேடிப் போய்விடுவாள். கச்சான் பிடுங்கப் போய்விட்டது என்று தாய் சொன்னால், இவளும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கச்சான் பிடுங்குவாள். பிடுங்கிக்கொண்டே வாய்ப்பாடு கேட்பாள். அடுத்த நாள் அந்தப் பிள்ளை வெட்கத்தில் வகுப்புக்கு வந்துவிடும்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை; பின்னால் வருகிற ஒரு விசயத்துக்காக மட்டும் சொல்லிவைக்கிறேன்.

சபைத் தேர்தல் வரப்போகிறது என்று ஊரெல்லாம் கதை அடிபட்ட நேரம், கட்சிக்காரர் நாலைந்து பேர் எங்கள் விறாந்தைக்கு வந்து கதிரைகளில் நிறைந்து உட்கார்ந்தார்கள். சலவைச் சேட்டு, சந்தனப் பொட்டு. பெண் வேட்பாளர் ஒருவர் தேவை, அதுவும் மலைநாட்டிலிருந்து வந்த சனங்களின் வாக்கை வாங்கக்கூடிய ஒருவர் தேவை என்பதை அவர்கள் நேராகச் சொல்லவில்லை. சுற்றி வளைத்துச் சொன்னார்கள்.

"ரீச்சர், கண்டாவளையில இருந்து பூநகரி வரைக்கும் உங்களட்டப் படிச்ச பிள்ளையள் இருக்கினம். நீங்கள் வாங்கோ எண்டா சனம் வரும்."

"நான் போனா அந்தப் பிள்ளையளுக்கு ஆர் கணக்குப் படிப்பிக்கிறது?" என்று கேட்டாள் அவள்.

"நீங்கள் வெண்டா அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு ரீச்சர் என்ன, பத்து ரீச்சர்மாரைக் கொண்டரலாம். பள்ளிக்கூடங்கள் சபைக்குக் கீழதானே வருது."

நான் கதவு நிலையில் சாய்ந்து நின்றேன். அவள் முகத்தைப் பார்த்தேன். தூண்டில் விழுங்கப்பட்டுவிட்டது என்று தெரிந்தது. அவர்கள் போன பிறகு சொன்னேன்: "இஞ்சேரும், அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதையாப் போகப்போகுது."

"புருசனை எங்க கைவிடுறன்? கூட்டங்களுக்கு என்னை ஏத்திக்கொண்டு போறதே நீங்கள்தானே" என்றாள்.

அடுத்த நாள் வகுப்பில் போய்ச் சொல்லிவிட்டாள். அப்போது அவளுடைய வகுப்பு ஒன்பதாம் ஆண்டு. பரீட்சைக்கு இன்னும் காலம் இருந்தது. "நான் வெண்டாலும் தோத்தாலும் உங்களுக்குக் கணக்குக்கு ஒரு ஆள் இல்லாமல் விடமாட்டன். இது ரீச்சரின்ர சொல்லு" என்று சொன்னாளாம். வீட்டுக்கு வந்து அதை என்னிடமும் சொன்னாள். அவள் லேசில் சொல் கொடுக்கிறவள் இல்லை. கொடுத்துவிட்டால் நானும் அதோடு சேர்ந்து மாட்டுப்படுவேன்.

பிரசாரக் காலம் எனக்குப் பகிடியாக இருந்தது. மற்ற வேட்பாளர்கள் மேடையில் முழங்கினார்கள். இவள் போகிற ஊரிலெல்லாம் கரும்பலகை கேட்டாள். கட்சிச் சின்னம் எது, தன் விருப்பு இலக்கம் எது, வாக்குச் சீட்டில் புள்ளடி எங்கே போடவேண்டும் என்று படம் கீறிக் காட்டி, பிறகு சனத்தில் ஒருவரை எழுப்பி, "நீங்கள் வந்து ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோ" என்றாள். நரைத்த தலைக்காரர்கள் சோக்கட்டியோடு நடுங்கிக்கொண்டு நின்றார்கள். பிழையாகப் போட்டவருக்குத் திருத்தம், சரியாகப் போட்டவருக்குக் கைதட்டு. சனம் படித்துக்கொண்டு போய் அப்படியே போட்டது. வென்றுவிட்டாள்.

அதன் பிறகு எங்கள் வீடு எங்கள் வீடாக இருக்கவில்லை. சாரதியோடு ஒரு வான் வந்து முற்றத்தில் நின்றது. விடியற்காலையிலேயே விறாந்தையில் ஆட்கள். போகிற இடமெல்லாம் பொன்னாடை. அலுமாரியில் என் சாறங்களுக்கு இடமில்லாமல் போனது. ஒரு பொன்னாடையைக் கொண்டுபோய் வயலில் தடியில் கட்டினேன், மயில் கலைக்க. சரிகை வெயிலில் மின்னி மின்னி ஆடியது. மயில்கள் கொஞ்ச நாள் பயந்தன. பிறகு இதுவும் ஒரு உறுப்பினர்தான் என்று விளங்கிக்கொண்டு, அதற்குக் கீழேயே நின்று நெற்கதிரைக் கொத்தின.

சபை கூடுகிற ஒரு நாள் நானும் போய்ப் பார்வையாளர் பக்கத்தில் இருந்தேன். இவள் பேச எழுந்தாள். மற்றவர்கள் தங்களுக்குள் கதைத்துக்கொண்டிருந்தார்கள். இவள் பேசாமல் நின்றாள். வகுப்பில் நிற்கிற அதே நிலை. நின்றுகொண்டே இருந்தாள். ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். கடைசியாகக் கதைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தன்னையறியாமல் கையைக் கட்டிக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். அவள் பேசியது முழுக்க ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடங்களைப் பற்றித்தான். எல்லோரும் மேசையில் தட்டினார்கள்.

மேசையில் தட்டினால் ஆசிரியர் வருவாரா? விறாந்தைக்கு வந்தவர்களில் அரைவாசிப் பேர் ஆசிரியர்கள்தான். வன்னிக்கு வர வேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை. வன்னியை விட்டுப் போக ஒரு சிபாரிசு, ஒரு இடமாற்றம், அவ்வளவுதான். இது கஷ்டப் பிரதேசமாம். கஷ்டப் பிரதேசத்தில் பிறந்து அங்கேயே கிடக்கிற எங்களுக்கு முன்னால் இருந்து, எங்கள் வீட்டுத் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு அதைச் சொல்லுவார்கள். எனக்குக் கோபம் ஏறும். ரீச்சர் கண்ணால் அடக்குவாள். ஒரு உறுப்பினரால் ஒருவரைக் கொண்டுவருவது கிணறு வெட்டுகிற வேலை. அனுப்பிவைப்பது வாளியைக் கவிழ்க்கிற வேலை. இதை அவள் பதவிக்குப் போய்ச் சில மாதத்திலேயே கண்டுகொண்டாள்.

அவள் போன பிறகு அவளுடைய வகுப்புக்கு விவசாய பாட ஆசிரியர் கணக்குப் புத்தகத்தை வாசித்துக் காட்டினார். கதைப் புத்தகம் வாசிக்கிற மாதிரி, முதல் பக்கத்திலிருந்து. நல்ல மனிசன். அவரும் பாவம், பிள்ளைகளும் பாவம்.

ஒரு வருசம் போல கல்விக் கந்தோர் ஒவ்வொன்றாக ஏறி இறங்கிய பிறகு ஒரு ஆள் வந்தார். வடமராட்சிப் பக்கத்துப் பெண், பட்டதாரி, கணக்கில் நல்ல கெட்டி. அந்த ஊரிலேயே இருக்கிற என் மாமியார் தன் வீட்டில் அவருக்கு ஒரு அறை கொடுத்தார். பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். ரீச்சருக்கு அன்றைக்குத்தான் முகத்தில் சிரிப்பு வந்தது. "சொன்ன சொல்லைக் காப்பாத்திப் போட்டன்" என்றாள். வகுப்பு பத்தாம் ஆண்டு முடித்து, பதினொன்றுக்குப் போனது. வருட முடிவில் பரீட்சை.

பரீட்சைக்கு அரை வருசம் இருக்கையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தார். தாயும் கூட வந்திருந்தார். தாயின் இடுப்பில் ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தையை ஊரில் தாயிடம் விட்டுவிட்டுத்தான் அவர் இவ்வளவு காலம் இங்கே இருந்திருக்கிறார்; ஒருவருக்கும் சொல்லவில்லை. இப்போது தாய்க்கு நெஞ்சு வருத்தம், இனிப் பிள்ளையைப் பார்க்க முடியாது. "ரீச்சர், நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னா ஊருக்கு மாத்தி விடுவினம்" என்று அழுதார்.

ரீச்சர் எழுந்து குசினிக்குள் போய் வந்தாள். குழந்தைக்கு விசுக்கோத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் கையை நீட்டிக் குழந்தையை வாங்கப் பார்த்தார். குழந்தை ஆளைப் பார்த்துவிட்டுத் திரும்பி, அம்மம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறியது. பெற்ற தாய் நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார். நான் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன். பிள்ளையில்லாத வீட்டில் அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டு இருக்க எனக்கு ஏலவில்லை.

அவர்கள் போன பிறகு கேட்டேன். "என்ன சொன்னனீர்?"

"ஓம் எண்டு சொன்னன்."

"உமக்கு விசரே? வகுப்புப் பிள்ளையளுக்குக் குடுத்த சொல்லு என்ன மாதிரி?"

கோபம் வந்தால் அவளுக்குத் தாயின் பேச்சு வந்துவிடும். "ஆமா, சொன்னேன். அந்தப் புள்ள தாயையே யாரோ மாதிரி பாக்குது. அதுக்கு மேல எனக்குக் கணக்குத் தெரியாதுங்க" என்றாள். பிறகு கதிரையில் போய் இருந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "சனிக்கிழமையளில நானே போய்ப் படிப்பிக்கிறன்" என்றாள்.

நல்ல யோசனைதான். ஆனால் ஒன்றை நாங்கள் இருவரும் மறந்துபோனோம். எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. ஊருக்குப் பெரிய ஆள் ஒருவர் வருகிறார் என்றால் சும்மா விடமாட்டார்கள். அவர் அந்த ஊரிலேயே வளர்ந்து, அதே றோட்டில் மூக்கொழுக நடந்தவராக இருந்தாலும் விடமாட்டார்கள்.

முதல் சனிக்கிழமை வானில் போய் இறங்கினோம். பள்ளிக்கூட வாசலில் நிறைகுடம், குத்துவிளக்கு, வாழை. கோயில் மேளகாரர் வெயிலில் நின்று தவிலை வெளுத்துக்கட்டினார். பிள்ளைகள் இரண்டு வரிசையாக நின்று பூப் போட்டார்கள். பெற்ற தாய், என் மாமியார், கண்ணில் நீர் வழிய மகளுக்கு ஆராத்தி எடுத்தார். பொட்டு, மாலை, பொன்னாடை. சின்ன வகுப்புப் பிள்ளைகளின் வரவேற்பு நடனம். அதிபரின் வரவேற்புரை. பெற்றோர் சங்கத் தலைவரின் உரை. விவசாய பாட ஆசிரியரின் உரை. வடை, தேத்தண்ணி. நன்றியுரை. இவள் மாலையோடு எழுந்து, பூத்தட்டோடு நின்ற தன் வகுப்பைப் பார்த்துக் கேட்டாள்: "பிள்ளையள், கணக்குக் கொப்பி எங்க?"

"வீட்ட இருக்கு ரீச்சர். இண்டைக்கு விழா எண்டு சொன்னவை."

ஒரு கணக்குக்கூடச் செய்யாமல் திரும்பி வந்தோம். வானுக்குள் மாலையைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு, வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் பகிடி விட வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

அடுத்த கிழமை விழா வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாள். விழா வைக்கவில்லை. ஆனால் வானைக் கண்டதும் சனம் வந்துவிட்டது. வீட்டுத்திட்டம், குளக்கட்டு, யானைவேலி, காணி உறுதி. வகுப்பு வாசலில் இருந்து றோட்டு வரைக்கும் வரிசை. ரீச்சருக்கு "இல்லை, பிறகு வாங்கோ" என்று சொல்லத் தெரியும்; உறுப்பினருக்கு அது வாயில் வராது. கைத்துண்டில் மூக்கைச் சிந்தியபடி நின்ற சனத்தை விட்டுவிட்டு எழுந்து போக அவளால் முடியவில்லை. பிள்ளைகள் அரைச்சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை அவர்கள் கொப்பி கொண்டுவந்திருந்தார்கள்.

மூன்றாவது சனிக்கிழமைக்கு முதல், "வான் இஞ்சையே நிக்கட்டும். உங்கட மோட்டார் சைக்கிள்ல போவம்" என்றாள். தம்பி முறையான ஒருவனிடம் முகம் மூடுகிற கறுப்பு ஹெல்மெட் ஒன்று இருந்தது; அதை வாங்கி வந்தேன். வீட்டில் கட்டுகிற பழைய சேலையைக் கட்டிக்கொண்டு, ஹெல்மெட்டை மாட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டுக் கொண்டு ஏறினாள். பொன்னாடைக்காரி போன இடம் தெரியவில்லை. வழியில் கண்டவர்கள், நான் யாரோ சொந்தக்காரப் பெண்ணை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். கிறவல் பாதையால் போகாமல், வயல் வரம்பால் போய்ப் பள்ளிக்கூடத்தின் பின் வேலியால் நுழைந்தோம். அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் அவள் தொண்டை கட்டக் கட்டப் படிப்பித்தாள்.

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமைகள் தொடங்கின.

எனக்கு வேலை ஒன்றுமில்லை. அரைச்சுவருக்கு வெளியே, வேப்பமர நிழலில், மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு இருப்பேன். உள்ளேயிருந்து அவள் குரல் வரும். இரண்டு தரம் கோட்டைவிட்டவனுக்கு, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, சமன்பாடு விளங்கத் தொடங்கியது. ஒருநாள் அவள் கேட்ட கேள்விக்குப் பிள்ளைகள் முழிக்க, நான் வெளியில் இருந்து விடையைச் சொல்லிவிட்டேன். அவள் அரைச்சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். பிறகு, "வெளியில இருக்கிற ஆள் பேசாமல் இருக்கவேணும்" என்றாள். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. விடை சரியா பிழையா என்று வீட்டுக்கு வந்துதான் கேட்டேன். சரிதானாம்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். சில கிழமைக்குள் ஊருக்கு விசயம் தெரிந்துவிட்டது. பிள்ளைகள் சொல்லியிருப்பார்கள், என் மாமியார் கட்டாயம் சொல்லியிருப்பார். இனி மேளத்தோடு வரப்போகிறார்கள் என்று நான் பயந்தேன். ஒருவரும் வரவில்லை. பின் வேலியில் முள்ளுக்கம்பி கிடந்த இடத்தில் ஒரு சனிக்கிழமை போனபோது புதிதாக, மோட்டார் சைக்கிளோடு நுழையக் கடப்பு வைத்திருந்தார்கள். வேப்பமரத்தடியில் எனக்கு ஒரு கதிரை. எங்களைக் கண்ட பெண்கள் காணாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் அள்ளினார்கள். அந்த ஊர் யாரையும் மதித்து நான் கண்ட மரியாதைகளில் அதுதான் பெரியது.

ஒருநாள் கட்சிக்காரர் இரண்டு வாகனத்தில் வந்து பள்ளிக்கூட வாசலில் நின்றார்கள். எங்கேயோ அடிக்கல் நாட்டு விழாவாம், பெரிய இடத்து ஆட்கள் வருகிறார்களாம், உறுப்பினரைக் கையோடு கூட்டிப்போக வேண்டுமாம். நான் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். வாசலில் என் மாமியார் கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியோடு நின்றிருந்தார்.

"அம்மா, உறுப்பினர் இஞ்ச வந்தவவோ?"

"எங்க வர்றா? புள்ள பெரிய ஆளாப் போயிருச்சு. எங்களையெல்லாம் எங்க நெனைக்கப் போகுது" என்று மூக்கை உறிஞ்சினார்.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து வந்தது குரல், ஊரே அதிர: "சமனுக்கு அங்கால கொண்டுபோகேக்க குறியை மாத்த வேணுமெண்டு எத்தினை தரம் சொல்லுறது!"

"அது ஆர்?"

"ரேடியோங்க."

"ரேடியோவில கணக்கோ?"

"பரீட்சை வருதுல்ல. படிக்கிற புள்ளைங்களுக்குப் போடுறாங்க" என்றார் மாமியார், கண் சிமிட்டாமல். அவர்கள் கொஞ்ச நேரம் நின்று அந்த ரேடியோவைக் கேட்டார்கள். விளங்கியதோ, விளங்காத மாதிரி விட்டார்களோ தெரியாது. வாகனத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது திரும்பி வருகிற வழிதான். கிழமை முழுக்க அவள் ஊருக்குச் சொந்தம். வானுக்குள் தொலைபேசி, வீட்டுக்குள் தொலைபேசி, சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் யாரோ ஒருவருடைய முறைப்பாடு. சனிக்கிழமை மத்தியானம், காட்டுக்கரை றோட்டில், என் முதுகுக்குப் பின்னால் மட்டும் அவள் என்னுடையவள். சபையில் யார் என்ன சொன்னார், யார் தூங்கினார் என்று ஹெல்மெட்டுக்குள் இருந்து கதைத்துக்கொண்டே வருவாள். அரைவாசி எனக்குக் கேட்காது. எல்லாவற்றுக்கும் "ஓம் ஓம்" என்பேன். பிறகு கதை நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் என் முதுகில் ஹெல்மெட் டொக்கென்று இடிக்கும். இன்னொரு டொக். ரீச்சர் நித்திரை. அவள் கையைப் பிடித்து என் இடுப்பைச் சுற்றி இழுத்து வைத்துக்கொண்டு, ஒரு கையால் ஓட்டுவேன். மாடு குறுக்கே வந்தால்கூட ஹோன் அடிக்கமாட்டேன். வீடு வந்துவிடக்கூடாது என்று நினைத்துக்கொண்டு மெதுவாக வருவேன். எனக்குக் கலியாணம் நடந்த வருசத்தில்கூட அப்படி ஒரு சந்தோசம் இருந்ததாக ஞாபகம் இல்லை.

பரீட்சை முடிவு வந்தது. எல்லோரும் சித்தியடையவில்லை. ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் அதற்கு முதல் அவ்வளவு பேர் கணக்கில் தேறியதில்லை. தேறாதவர்களின் வீடுகளுக்கு அவள் போனாள். தேறியவர்களின் வீடுகளுக்கு நான் போய் கற்கண்டு தின்றேன். அடுத்த வகுப்புக்கும் ஆள் வரவில்லை. அதற்கு அடுத்ததற்கும் வரவில்லை. பதவிக்காலம் முடியும் வரைக்கும் ஹெல்மெட் ஓயவில்லை.

சபை கலைந்தது. மறுபடி தேர்தல் வரும் வரும் என்றார்கள், வரவில்லை. வான் போனது. விறாந்தைக் கதிரைகள் வெறுமையாகின. தொலைபேசி கெட்டுப்போய்விட்டதோ என்று நான் எடுத்துப் பார்க்கிற அளவுக்கு வீடு அடங்கியது. அவளுக்கு அது வலிக்கும் என்று நினைத்தேன். அவள் அலுமாரியில் இருந்த பொன்னாடைகளை வெளியே எடுத்து, என் சாறங்களை உள்ளே வைத்தாள். விடுப்பில் வைத்திருந்த வேலையைத் திரும்பக் கேட்டு, அதே பள்ளிக்கூடத்துக்கே போனாள். இந்தத் தடவை மேளம் இல்லை. பஸ்சில் போய் இறங்கி, பிரம்பில்லாமல், சோக்கட்டியோடு வகுப்புக்குள் நுழைந்தாள். ஓய்வு பெறும் வயது வரும் வரைக்கும் அங்கேயே இருந்தாள்.

ஓய்வு பெற்றது போன வருசம். இப்போது தேர்தல் கதை மறுபடியும் அடிபடுகிறது. போன மாதம் அதே கட்சிக்காரர் அதே விறாந்தைக்கு வந்தார்கள். தலை நரைத்திருந்தது, வயிறு வைத்திருந்தது. சலவைச் சேட்டு மட்டும் அப்படியே.

"ரீச்சர், நீங்கள் இல்லாமல் ஏலாது. திரும்ப நிக்கவேணும்."

"என்ர இடத்துக்கு இன்னும் ஆள் வரேல்லை. பள்ளிக்கூடத்தில கணக்குக்கு ஒருத்தரும் இல்லை" என்றாள்.

"அதுதானே சொல்லுறம். நீங்கள் வெண்டா..."

அவள் சிரித்தாள். "முதல் ஆளைப் போடுங்கோ. ஆள் வந்து, ஒரு தவணை நிண்டு படிப்பிக்கட்டும். பிறகு வந்து கேளுங்கோ, ஓம் எண்டுறன். போன முறை நான்தான் முதல் சொல்லுக் குடுத்தனான். இந்த முறை நீங்கள் குடுங்கோ."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்கள். முயற்சி செய்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முயற்சி செய்தும் இருக்கிறார்கள் போல. வவுனியாப் பக்கத்தில் இருந்து ஒருவர் வரப்போவதாக அதிபர் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை காலையில் நான் வயலுக்குப் போகத் தடியைத் தேடிக்கொண்டிருந்தேன். குசினிப் பக்கத்தால் அவள் வந்தாள். பழைய சேலை. கையில் அந்தக் கறுப்பு ஹெல்மெட். தூசு தட்டியிருந்தாள்.

"இஞ்சேருங்கோ, மோட்டார் சைக்கிளை எடுங்கோ. ஆள் வாற வரைக்கும் பிள்ளையள் சும்மா இருக்குதுகள்."

"இப்ப ஆர் உம்மை மறிக்கப்போகினம்? ஹெல்மெட் கண்ணாடியைத் திறந்துகொண்டு, கிறவல் றோட்டாலேயே போகலாமே" என்றேன்.

"வரம்பாலேயே போவம்" என்றாள்.

போனோம். கடப்பு இன்னும் இருந்தது. வேப்பமரத்தடியில் கதிரை இருந்தது, உடைந்த ஒரு காலைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். மத்தியானம் திரும்பி வருகையில், சபைக் கதை இல்லாததால், வகுப்பில் யாருக்கு எது விளங்கவில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தாள். பிறகு கதை நின்றது. முதுகில் டொக்கென்று இடித்தது. நான் அவள் கையை இழுத்து என் இடுப்பைச் சுற்றி வைத்துக்கொண்டு வேகத்தைக் குறைத்தேன்.

ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு ஆசிரியர் இல்லை என்பதற்காகச் சந்தோசப்படுகிற மனிசன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த வவுனியா ஆள் வரவேண்டும். பிள்ளைகளுக்காகக் கட்டாயம் வரவேண்டும். வந்தால் இவள் கொடுத்த சொல்லின்படி மறுபடி ஊருக்குச் சொந்தமாகிவிடுவாள், வான் வந்து முற்றத்தில் நிற்கும். எல்லாம் தெரியும். கோயிலுக்குப் போனால் அவர் வரவேண்டும் என்றுதான் நானும் கும்பிடுகிறேன். இந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு வரட்டும் என்றும் சேர்த்துக் கும்பிடுகிறேன்.